ஜமுனாராணியின் பேபி

நான்கு பன்னிரண்டு வரைக்கும்
நாங்கள் ஒரே பில்.
அவள் உதைத்தது என் கணக்கில்,
அவளுக்கு விக்கல் வந்ததும் என் கணக்கில்.
நான்கு பதின்மூன்றுக்குக் கொடியை நறுக்கினார்கள்.
கீழே கம்ப்யூட்டரில்
அவளுக்குத் தனி நம்பர் விழுந்தது.

முப்பத்து நான்கு வாரம். ஒரு கிலோ எண்ணூறு.
வெளியே ஆற்காடு ரோட்டில்
தார் செருப்பைப் பிடித்து இழுக்கிற மே மாதம்.
நூற்றெட்டு டிகிரி ஊரில் பிறந்தவளுக்குச்
சூடு போதவில்லை என்று
கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள்.
நாள் வாடகைக்கு.

"ரெண்டு பேருக்கும் இன்சூரன்ஸ் கீது,
இன்னாத்துக்குப் பயப்படறே" என்றான் கஜேந்திரன்.
ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் எனக்கு ஒன்று,
காட்பாடி டிராக்டர் ஷோரூமில் அவனுக்கு ஒன்று.

கவுன்டரில் இருந்த பெண்,
பேட்ஜில் எஸ்தர் ரூபி என்று இருந்ததாம்,
இரண்டு கார்டையும் மேசையில் வைத்துத்
துருப்பு தேடுகிறவள் போல் பார்த்தாளாம்.
"அம்மா பாலிசியில பாப்பா முதல் நாள்லேருந்து உண்டு,
ஆனா லட்சம் வரைக்கும்தான்.
உங்க பாலிசியில அஞ்சு லட்சம்,
ஆனா பாப்பா இன்னும் அதுல பொறக்கல சார்."

இன்னும் அதில் பிறக்கவில்லை.
மாடி ஏறி வந்து அவன் இதைச் சொன்னபோது
எனக்குத் தையல் வலித்தது.
சிரித்ததால்தான்.

முப்பது நாளுக்குள் அவன் கம்பெனிக்கு எழுத வேண்டும்:
பிறந்த தேதி, ஆஸ்பத்திரி சீல், பெயர்.

பெயர் இல்லை.

ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு என்று
வேலூரைக் கேலி பேசும் சித்தூர்க்காரர் ஒருவர்
எங்கள் லைனில் சூப்பர்வைசர்.
அவர் பட்டியலில் சேர்த்துக்கொள்ளட்டும்,
பேர் இல்லாத பேஷண்ட்.
கணுக்காலில் சுற்றிய பட்டையில்
'ஜமுனாராணியின் பேபி'.
அவளைப் பற்றி உலகத்துக்கு
அது ஒன்றுதான் தெரியும்.

"பேபின்னே போடுங்க, அப்புறம் மாத்திக்கலாம்."
கவுன்டர் பேனாவை இரவல் வாங்கி
உறவு என்ற கட்டத்தில் கஜேந்திரன்
'மகள்' என்று எழுதினான்.
அந்தச் சொல்லை அவன் எழுதுவது அதுதான் முதல் தடவை.
பன்னிரண்டு நாள் கழித்து, பின்தேதியிட்டு,
அவள் அவன் பாலிசியிலும் பிறந்தாள்.

ஒரே ரூபாயை இரண்டு பேரிடம் வாங்க முடியாது.
இது புரிய எங்களுக்கு மூன்று நாள் ஆனது.
முதலில் என் கம்பெனி கொடுக்கும்.
கொடுத்ததை ஒரு காகிதத்தில் ஒப்புக்கொள்ளும்.
அந்தக் காகிதத்தோடு
சீல் வைத்த நகல்கள் போனால்
மிச்சத்தை அவன் கம்பெனி எண்ணிப் பார்க்கும்.
ஒரிஜினல் ஒன்றுதான்.
அது முதலில் கேட்டவர்களிடம் போய்விட்டது.

ஐப்பசி மழையில்
இரண்டு குடையை ஒட்டிப் பிடித்து நடந்திருக்கிறீர்களா?
ஒன்றின் நீர் இன்னொன்றில் இறங்கி
நடுவில் வருகிறவளின் தோள்தான் நனையும்.

பதினோராம் நாள் பில்,
இரண்டு லட்சத்துப் பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது.
என்னுடையது லட்சம்.
ஐந்து வாரம் கழித்து அவனுடையது
தொண்ணூற்றேழாயிரத்து இருநூற்றைந்து.
மீதி எங்கள் தோள்.
கையுறை, பஞ்சு, டயாப்பர்,
நீல விளக்குக்கு அடியில் அவள் கண்ணை மூடிய துணி,
இன்னும் என்னென்னவோ.
எந்தப் பாலிசியும் தொடாத ஜாமான்களுக்காக
லாங் பஜார் அடகுக்கடைக்குப் போனது
என் வளையல் ஒன்று.
இன்னொன்று கையில் தனியாகச் சத்தமில்லாமல் இருக்கிறது.

இப்போது சத்துவாச்சாரி மாடி வீடு.
கரன்ட் போன ராத்திரி.
அவள் கழுத்து மடிப்பில் வியர்வை.
இந்தச் சூட்டுக்கு வாடகை இல்லை.
பில் கவரால் விசிறிக்கொண்டே கஜேந்திரன் கேட்கிறான்,
"இவ இப்ப உன் பாலிசியில படுத்துகினு கீறாளா, என்னுதுலயா?"

நடுவில்.
இரண்டு பக்கமும்
நனைத்துவிட்டு.